புதுச் சமையலறைக்குச் சாமான் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்ணன் மகளுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. தோழி ஒருத்தியுடன் சேர்ந்து வேளச்சேரியில் சின்ன வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்தாள். குடிபோவதற்கு நாலு நாள் முன்னால், ஆன்லைனில் வாங்கத் தேர்ந்து வைத்திருந்த சாமான்களைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினாள். "அத்தை, இது போதுமான்னு பாத்துச் சொல்லுங்க" என்று கீழே எழுதியிருந்தாள். பத்து உருப்படி கொண்ட நான்ஸ்டிக் செட், 7 லிட்டர் குக்கர், கயிறு இழுத்துக் காய் நறுக்கும் டப்பா, பூண்டு நசுக்கி, முட்டை வேகவைக்க ஒரு கருவி, ஆறு கத்தி செருகிய மரக்கட்டை. தோசைக்கல் இல்லை. இடுக்கி இல்லை. வடிதட்டும் இல்லை.

போன் செய்து ஒரே கேள்விதான் கேட்டேன். "வாரத்துல என்னென்ன சமைப்பே?" கொஞ்சம் யோசித்துச் சொன்னாள். காலையில் தோசை, இல்லாவிட்டால் உப்புமா. மதியத்துக்கு டப்பாவில் சாதம், ஒரு குழம்பு, ஒரு பொரியல். ராத்திரி மிச்சம் இருப்பது அல்லது சப்பாத்தி. ஞாயிற்றுக்கிழமை கோழிக் குழம்பு. வாங்க வேண்டியது என்ன என்பது அந்தப் பதிலிலேயே இருந்தது. ஒரு குக்கர், ஒரு மிக்ஸி, தோசைக்கு ஒரு கல், சப்பாத்திக்கு ஒரு கல், குழம்புக்கு அடிகனமான பாத்திரம், பொரியலுக்கு வாணலி, நல்ல கத்தி ஒன்று, கரண்டி நாலு, இடுக்கி, வடிதட்டு. அவ்வளவுதான்.

கடைக்குப் போன பிறகு என்ன வாங்கலாம் என்று யோசிப்பதுதான் முதல் தவறு. கடையில் எல்லாமே தேவையாகத் தோன்றும். எதைச் சமைக்கிறோம், எந்த அடுப்பில் சமைக்கிறோம், யார் கையால் தூக்கப் போகிறோம் என்ற மூன்றையும் வீட்டிலேயே முடிவு செய்துவிட்டால் பாதிப் பொருள்கள் தாமாகவே கழிந்துவிடும். செட்டாக வாங்குவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. பத்து உருப்படியில் மூன்றுதான் தினமும் அடுப்பில் ஏறும். அந்த மூன்றையும் நல்ல கனத்தில் வாங்க வேண்டிய பணம் மற்ற ஏழில் போய்விடுகிறது.

குக்கர்

"நாலு பேர் வந்தால் உதவும்" என்று பெரிய குக்கராக வாங்குகிறார்கள். அந்த நாலு பேர் மாதத்துக்கு ஒருமுறை வருவார்கள். மீதி நாளெல்லாம் ஒரு டம்ளர் அரிசிக்காக அவ்வளவு பெரிய பாத்திரத்தைச் சூடாக்கிக் கழுவ வேண்டும். இரண்டு பேருக்கு 3 லிட்டர் போதும். நாலைந்து பேர் உள்ள வீட்டுக்கு 5 லிட்டர் சரியாக இருக்கும்.

அதற்காக ரொம்பவும் சின்னதாக வாங்கித் திணிப்பதும் கூடாது. இது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. எதை வேகவைத்தாலும் குக்கரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. பருப்பு நுரைத்துப் பொங்கும் என்பதால் அதற்குப் பாதி அளவுதான். மேலே போனால் நுரையும் தோலும் வெயிட் உட்காரும் குழாயில் போய் அடைத்துக்கொள்ளும், ஆவி வெளியேற வழி இருக்காது. உள்ளே வெப்பம் சுமார் 120 டிகிரி செல்சியஸ் வரை ஏறும் என்பதை நினைவில் வைத்தால் இதில் அலட்சியம் வராது. வெயிட் போடுவதற்கு முன் அந்தக் குழாயை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை தெரிகிறதா என்று பார்ப்பது என் அம்மா பழக்கிய வழக்கம்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத குக்கரை என்ன விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். 2021 பிப்ரவரி முதல் இந்தியாவில் விற்கும் வீட்டு உபயோகக் குக்கர்களுக்கு அந்த முத்திரை கட்டாயம். அப்புறம், வாங்குவதற்கு முன் உங்கள் தெருப் பாத்திரக் கடையில் அந்தக் கம்பெனியின் கேஸ்கட்டும் சேஃப்டி வால்வும் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். கேஸ்கட் தேயும், மாற்றித்தான் ஆக வேண்டும். அளவு சரியாகப் பொருந்தாத கேஸ்கட்டைப் போட்டு, ஆவி ஒழுக ஒழுக ஓட்டும் வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உள்மூடியா, வெளிமூடியா என்று கேட்பவர்களுக்கு: உள்மூடி குக்கரில் ஆவி இருக்கும்வரை மூடியைத் திறக்க முடியாது, உள்ளிருக்கும் அழுத்தமே அதை மேலே தள்ளிப் பிடித்துக்கொள்ளும். அது நல்ல விஷயம். ஆனால் மூடியைச் சாய்த்து உள்ளே நுழைத்துப் பொருத்துவது சிலருக்குக் கைவராது. கடையிலேயே இரண்டு மூன்று தடவை மூடித் திறந்து பார்த்து வாங்குங்கள்.

மிக்ஸியும் கிரைண்டரும்

மிக்ஸியில் வாட்ஸை மட்டும் பார்ப்பது தவறு. 750 வாட்ஸ் மோட்டார் இருந்தாலும், ஒன்றரை லிட்டர் ஜாரில் இரண்டு கரண்டி தேங்காய் போட்டால் அது பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு நிற்கும், பிளேடுக்கு எட்டாது. தினமும் அரைப்பது சட்னியும் குழம்புக்குத் தேங்காயும் என்றால் சின்ன ஜார்தான் முக்கியம். அது எத்தனை மில்லி, மூடி இறுக்கமாக உட்காருகிறதா என்று பாருங்கள். மிக்ஸி பாதியில் சட்டென்று நின்றுவிட்டால் கெட்டுப்போனதாக நினைத்து உடனே கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். பல மிக்ஸிகளில் அடியில் சிவப்பாக ஒரு பொத்தான் இருக்கும். சுமை கூடினால் அது தானாக வெளியே வந்து மோட்டாரைக் காப்பாற்றும். பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, ஜாரில் பாதியை எடுத்துவிட்டு, அதை அழுத்தினால் போதும்.

கிரைண்டர் வேண்டுமா? வாரம் ஒருமுறையாவது மாவு அரைப்பவர்களுக்கு வேண்டும். கல்லில் அரைபடும் உளுந்து சூடேறாமல் காற்றை வாங்கிப் பொங்கி வரும், இட்லியின் மென்மைக்கு அதுதான் காரணம். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு. ஆனால் 2 லிட்டர் கிரைண்டரில் அரை டம்ளர் உளுந்து போட்டால் அது கல்லுக்கு அடியில் நிற்காமல் ஓரத்தில் போய் ஒட்டும். என் அண்ணன் மகள் மாதத்துக்கு இரண்டு தடவை அரைத்தால் அதிகம். அவளுக்கு, ஊறிய உளுந்தை ஃபிரிட்ஜில் குளிரவைத்து, ஐஸ் தண்ணீர் தெளித்து மிக்ஸியிலேயே அரைக்கச் சொன்னேன்.

தோசைக்கல்

இதில்தான் மனம் வைத்து வாங்க வேண்டும் என்பேன். நல்ல கல் ஒன்று அமைந்துவிட்டால் நம் பிள்ளைகள் காலம் வரை இருக்கும்.

நான்ஸ்டிக் கல்லில் தோசை ஒட்டாது, உண்மை. ஆனால் தோசைக்குக் கல் நன்றாகக் காய வேண்டும், நாமோ காலை அவசரத்தில் வெறும் கல்லைப் பெரிய தீயில் வைத்துவிட்டுச் சட்னி தாளிக்கப் போய்விடுகிறோம். அந்தப் பூச்சு சுமார் 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும். வெறும் கல் பெரிய தீயில் சில நிமிடங்களிலேயே அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். அதிலிருந்து வரும் புகை நல்லதில்லை. மிதமான தீ, மரக் கரண்டி, மென்மையான நார் என்று பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் முட்டைக்கும் அடைக்கும் ஒரு சின்ன நான்ஸ்டிக் வைத்துக்கொள்ளட்டும். கீறல் விழுந்து பூச்சு உரிந்ததைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

இரும்புக் கல் வாங்குபவர்கள் செய்யும் தவறு வேறு. வாங்கிய அன்றே தோசை ஊற்றி, ஒட்டிக்கொண்டதும் கல் சரியில்லை என்று ஒதுக்கிவிடுவார்கள். கல்லைப் பழக்க வேண்டும். எங்கள் வீட்டில் செய்வது இது: மூன்று நாள் சாதம் வடித்த கஞ்சியில் ஊறப் போட்டு, தினமும் தேய்த்துக் கழுவுவோம். பிறகு அடுப்பில் ஈரம் போகக் காயவைத்து, நல்லெண்ணெய் தடவி, பாதி வெங்காயத்தால் சுற்றிச் சுற்றித் தேய்த்து ஒரு ராத்திரி வைப்போம். முதல் நாலைந்து தோசை பிய்ந்துதான் வரும். மனம் தளராமல் எண்ணெய் கொஞ்சம் தாராளமாக விட்டு ஊற்றினால் ஒரு வாரத்தில் கல் படியும். பழகிய கல்லில் சப்பாத்தி சுடாதீர்கள், மறுநாள் தோசை ஒட்டும். இரண்டுக்கும் தனிக் கல் வைப்பது அதனால்தான்.

அளவையும் பார்க்க வேண்டும். 12 அங்குலக் கல்லைச் சின்ன பர்னரில் வைத்தால் நடுவில் கருகும், ஓரம் வேகாது. வீட்டு அடுப்பின் பெரிய பர்னர் எவ்வளவு அகலம் என்று பார்த்துவிட்டு, 10 அங்குலம் போதுமென்றால் அதையே வாங்குங்கள். கனத்தையும் நினையுங்கள். வார்ப்பிரும்புக் கல் இரண்டு மூன்று கிலோ இருக்கும். என் அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் மணிக்கட்டு வலி வந்தபோது, அவர் முப்பது வருடம் பழக்கிய கல்லைத் தூக்க முடியாமல் தோசை ஊற்றுவதையே நிறுத்திவிட்டார். மெல்லிய தகட்டு இரும்பில், கைப்பிடியுள்ள கல் ஒன்றை வாங்கிப் பழக்கிக் கொடுத்த பிறகுதான் மறுபடி அடுப்பங்கரைக்கு வந்தார். பெரியவர்களுக்கு வாங்கும்போது தயவுசெய்து அவர்கள் கையில் கொடுத்துத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

புளியும் உலோகமும்

பாரம்பரியப் பாத்திரங்களுக்கு இப்போது மறுபடியும் மதிப்பு வந்திருக்கிறது. எனக்கு அதில் நிறைய மகிழ்ச்சி. ஆனால் எந்தப் பாத்திரத்தில் எதைச் சமைப்பது என்ற அறிவும் கூடவே வர வேண்டும். இரும்பு வாணலியில் வற்றக்குழம்பு வைத்து அதிலேயே விட்டுவைத்தால் கறுத்துப்போய் இரும்பு வாடை அடிக்கும். இரும்பு வதக்கலுக்கும் வறுவலுக்கும் நல்லது, முடிந்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். பித்தளையிலும் செம்பிலும் உள்ளே வெள்ளீயம் பூசாமல் புளி, தக்காளி, மோர், எலுமிச்சை எதுவும் படக் கூடாது. பூச்சு தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தால் மறுபடி பூசித்தான் பயன்படுத்த வேண்டும். அலுமினியத்திலும் புளிப்பானதை வைத்திருக்கக் கூடாது. புளிக்குழம்புக்கு மண்சட்டி, மாக்கல்லில் செய்த கல்சட்டி, எவர்சில்வர் மூன்றும் பயமில்லாதவை. கல்சட்டியைப் பொறுமையாகப் பழக்கி, சிறு தீயில் ஏற்ற வேண்டும். அதில் சூடு நெடுநேரம் நிற்கும், அதனால் குழம்பு இறக்குவதற்குச் சற்று முன்னாலேயே அடுப்பை அணைத்துவிடலாம்.

ஈயச் சொம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ரசத்துக்கு அதற்கு ஈடு இல்லை என்று நம்புகிறவள் நான். அது செய்யப்படுவது வெள்ளீயத்தில். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். சொம்பில் புளித்தண்ணீர் இருக்கும்வரை ஆபத்தில்லை, தண்ணீரின் கொதிநிலை நூறுதான். வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால்தான் போச்சு. கல்யாணமான புதிதில், தாளிக்கலாம் என்று என் பாட்டியின் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டு எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கத் திரும்பினேன். அந்தச் சில நொடிகளில் அடி வழிந்து பர்னர் மேல் வெள்ளிக் குழம்பாக நின்றது. இன்றுவரை அந்தச் சொம்புக்காக வருத்தப்படுகிறேன். முதலில் புளித்தண்ணீர், பிறகு அடுப்பு, தாளிப்பு வேறு கரண்டியில் என்ற வரிசை அன்றைக்கு எனக்குத் தெரியாது.

அதைவிடப் பெரிய தவறு, மலிவாகக் கிடைக்கிறதே என்று தெரியாத இடத்தில் ஈயச் சொம்பு வாங்குவது. காரீயம் கலந்திருந்தால் அது விஷம், குழந்தைகளுக்கு இன்னும் கெடுதல். புளிப்பும் சூடும் சேர்ந்தால் அது ரசத்தில் இறங்கும். பளபளப்பையோ கனத்தையோ பார்த்துக் கண்டுபிடித்துவிட முடியாது. சுத்த வெள்ளீயம் என்று பில்லில் எழுதிக் கொடுக்கிற, நாளைக்குப் போய்க் கேட்கக்கூடிய கடையில் மட்டும் வாங்குங்கள். அப்படிக் கடை இல்லையென்றால் எவர்சில்வரிலேயே ரசம் வையுங்கள், நன்றாகத்தான் இருக்கும்.

எவர்சில்வர் வாங்கும்போது காந்தம் வைத்துப் பார்க்கும் பழக்கம் ஒன்று உண்டு. ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டீல் என்பார்கள். 304 தரம் காந்தத்தில் ஒட்டாதுதான், ஆனால் நிக்கல் குறைந்த, விலை மலிவான 202 தரமும் பெரும்பாலும் ஒட்டாது. அதனால் அடியில் பதித்திருக்கும் எண்ணைப் பாருங்கள், கடைக்காரரிடம் கேளுங்கள். காந்தம் பயன்படுவது இண்டக்‌ஷன் அடுப்புக்குத்தான். பாத்திரத்தின் அடியில் காந்தம் கவ்விப் பிடித்தால் அதில் சூடேறும். சாதாரண அலுமினியம், பித்தளை, செம்பு எதுவும் ஏறாது. அடி உருண்ட வாணலியும் அதில் சரிப்படாது.

கத்தி ஒன்று நல்லதாக இருந்தால் போதும், பழம் நறுக்கச் சின்னது ஒன்று. ஆறு கத்தி எதற்கும் வேண்டாம். மழுங்கிய கத்தியை அழுத்தி நறுக்கும்போதுதான் வழுக்கி விரலில் இறங்கும், ஆகவே சாணை பிடிப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். கண்ணாடிப் பலகையில் நறுக்கினால் முனை சீக்கிரம் மழுங்கும், மரப்பலகை வாங்குங்கள். அரிவாள்மனையில் பழகிய கை என்றால் அதையே வைத்துக்கொள்ளலாம். நான் இன்றும் கீரையை அதில்தான் அரிகிறேன்.

இடுக்கி வாங்கும்போது உங்கள் பாத்திரம் ஒன்றைக் கையோடு எடுத்துப் போய்க் கவ்வுகிறதா என்று பாருங்கள். கொதிக்கும் குழம்பு வழுக்கி விழுவது பெரும்பாலும் பொருந்தாத இடுக்கியால்தான்.

அண்ணன் மகள் போன வாரம் மறுபடி கூப்பிட்டாள். கல் படிந்துவிட்டதாம், தோசை வழுக்கிக்கொண்டு வருகிறதாம். "தேங்கா துருவத்தான் அத்தை கஷ்டமா இருக்கு, ஒரு துருவி வாங்கட்டுமா?" என்றாள். மேடையின் ஓரத்தில் திருகிப் பொருத்தும் துருவியென்றால் கிரானைட்டின் கனத்துக்கு அதன் வாய் திறக்க வேண்டும், ஓரம் உருட்டி விட்டிருந்தால் பிடிப்பு நிற்காது. உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் அடியென்றால் மேடை வழவழப்பாகக் காய்ந்திருக்க வேண்டும். ஸ்கேல் வைத்து மேடையின் ஓரத்தை அளந்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அளவு வந்ததும் கடைக்குப் போக வேண்டும்.