கிரேக்கத் தத்துவம்: புதிதாக வாசிப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

எங்கள் வாசிப்பு வட்டத்துக்குப் புதிதாக வருபவர்கள் அநேகமாக ஒரே இடங்களில்தான் வழுக்கி விழுகிறார்கள். பெயர்க் குழப்பம், கி.மு. ஆண்டுகளை முன்பின்னாக எண்ணுவது எல்லாம் நான்கு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். தானாகச் சரியாகாதவை மட்டும் இங்கே.

'எல்லாம் தண்ணீர்' என்றதும் சிரிப்பது

எல்லாவற்றுக்கும் மூலம் நீர் என்றார் மிலேட்டஸ் நகரத்துத் தேலீஸ். பூமி நீரின்மேல் மிதக்கிறது என்றும் சொன்னார். இரண்டும் தவறு என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அதே ஊரில் அடுத்து வந்த அனாக்சிமாண்டர் என்ன செய்தார் என்று பாருங்கள். மூலப்பொருள் நீர் அல்ல, எல்லையற்ற வேறொன்று என்றார். பூமிக்குத் தாங்கலே வேண்டாம், அது எல்லாப் பக்கத்திலிருந்தும் சம தூரத்தில் இருப்பதால் எந்தப் பக்கமும் நகரக் காரணமில்லை என்றார். அவருக்குப் பின் அனாக்சிமெனிஸ் வந்து, மூலம் காற்று என்றார். முன்னோர் சொன்னதை மறுத்துக் காரணம் சொல்லும் இந்தப் பழக்கத்தைக் கவனிக்காமல் விடைகளை மட்டும் மனப்பாடம் செய்தால் மிஞ்சுவது ஒரு பட்டியல்தான்.

சாக்ரடீஸ் சொன்னார், சாக்ரடீஸ் சொன்னார்...

இதைக் கேட்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். சாக்ரடீஸ் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. நமக்குக் கிடைப்பவர் அவருடைய சீடர்களான பிளேட்டோவின் சாக்ரடீஸ், செனஃபோனின் சாக்ரடீஸ், நாடக மேடையில் கேலி செய்த அரிஸ்டோஃபனிஸின் சாக்ரடீஸ். இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். பத்து நிமிடம் கழித்து, 'சாக்ரடீஸ் சொன்னார், தத்துவஞானிகளே நாடாள வேண்டும்' என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

ஒரு மாணவர் சாக்ரடீஸ் மீதான வழக்கைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதி வந்தார். உழைப்பில் குறை சொல்ல முடியாது. அவர் வாதம் இதுதான்: தத்துவஞானிகள் ஆள வேண்டும் என்று 'குடியரசு' நூலில் சாக்ரடீஸ் பேசுகிறார், அது ஏதென்ஸின் மக்களாட்சிக்கு எதிரானது, ஆகவே அவரைக் கொன்றார்கள். சாக்ரடீஸ் நஞ்சருந்தி இறந்தது கி.மு. 399. பிளேட்டோ 'குடியரசை' எழுதியது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து. அப்போதைய நீதிபதிகள் அந்த வாதத்தைக் கேட்டிருக்கவே முடியாது. அந்த ஒரு நூலை உருவியதும் கட்டுரை மொத்தமும் சரிந்தது. வழக்கில் அரசியல் இல்லாமல் இல்லை. கி.மு. 404-இல் ஆட்சியைப் பிடித்து ஆட்டம் போட்ட முப்பதின்மரில் ஒருவரான கிரிட்டியாஸ் சாக்ரடீஸோடு பழகியவர். அதே முப்பதின்மர் லியோன் என்பவரைப் பிடித்து வரச் சொன்னபோது சாக்ரடீஸ் மறுத்து வீட்டுக்குப் போனார் என்று, நீதிமன்றத்தில் அவர் பேசியதாகப் பிளேட்டோ எழுதிய 'அப்பாலஜி' சொல்கிறது. அந்தக் கட்டுரை இங்கே தொடங்கியிருக்க வேண்டும்.

பிளேட்டோவுக்குள்ளேயே ஒரே சாக்ரடீஸ் இல்லை என்பது அடுத்த சிக்கல். 'அப்பாலஜி'யில், நீதிமன்றத்தில் நின்றுகொண்டு, சாவு கனவில்லாத உறக்கமாக இருக்கலாம், அல்லது வேறோர் இடத்துக்குப் போவதாக இருக்கலாம் என்கிறார். எது என்று அடித்துச் சொல்வதில்லை. ஏறக்குறைய ஒரு மாதம் கழித்துச் சிறையில் நடப்பதாக வரும் 'ஃபீடோ'விலோ, ஆன்மா அழியாது என்று வாதத்துக்கு மேல் வாதமாக அடுக்குகிறார். ஒரு மாதத்தில் ஒருவர் மனம் மாறலாம்தான். ஆனால் அந்தக் கடைசி நாளில் யார் யார் உடனிருந்தார்கள் என்று சொல்லும்போது, பிளேட்டோவுக்கு உடம்பு சரியில்லை என்று நினைக்கிறேன் என்கிறது ஒரு பாத்திரம். எழுதியவரே தான் அங்கே இல்லை என்று எழுதி வைத்திருக்கிறார். இதற்கு மேல் என்ன எச்சரிக்கை வேண்டும்?

அப்படியானால் எதையுமே நம்ப முடியாதா? அப்படியும் இல்லை. சாக்ரடீஸ் இறந்து 15 ஆண்டு கழித்துப் பிறந்த அரிஸ்டாட்டில், 'நீதி என்றால் என்ன' என்பது போலப் பொது வரையறை தேடியது சாக்ரடீஸ் என்றும், அந்தப் பொதுமைகளைப் பொருள்களிலிருந்து பிரித்துத் தனியாக நிறுத்தியவர்கள் பின்னால் வந்த பிளேட்டோ தரப்பினர் என்றும் சொல்கிறார். இதைக் கையில் வைத்துக்கொண்டு பிளேட்டோவின் 'யூதிஃப்ரோ' படியுங்கள். பக்தி என்றால் என்ன என்று கேட்டுக் கேட்டு, விடையே கிடைக்காமல் முடியும் நூல் அது. அப்புறம் 'குடியரசு' படித்தால், அங்கே நீதியில் தொடங்கி ஒரு நகரத்தையே கட்டியெழுப்புபவர் வேறு ஆளாகத் தெரிவார்.

எழுதும்போது எந்த நூலின் சாக்ரடீஸ் என்று குறிப்பிட்டுவிடுங்கள். ஐந்தாறு சொல் கூடும், அவ்வளவுதான். சாக்ரடீஸின் பொன்மொழி என்று வாட்ஸப்பில் வருவதைத் தயவுசெய்து மேற்கோள் காட்டாதீர்கள். 'உன்னையே நீ அறிவாய்' என்பதுகூட டெல்ஃபி அப்போலோ கோயிலில் இருந்த வாசகம்.

எபிக்யூரஸை உல்லாசப் பேர்வழி ஆக்குவது

இன்பமே நோக்கம் என்றார், உண்மைதான். ஆனால் அவர் சொன்ன இன்பம் உடலில் வலியின்மை, மனத்தில் கலக்கமின்மை. குடியும் விருந்தும் அல்ல என்று மெனோசியஸுக்கு எழுதிய கடிதத்தில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். பசித்தவனுக்கு ரொட்டியும் தண்ணீருமே பெரிய இன்பம் என்பதும் அதே கடிதத்தில் உண்டு. படிக்க அரைமணி நேரம் ஆகாது.

ஸ்டோயிக் என்றால் கல்நெஞ்சம்

இல்லை. ஸ்டோயிக் என்ற தத்துவப் பள்ளியைச் சேர்ந்தவர்கள் அச்சத்தையும் பேராசையையும் களையச் சொன்னாலும், நிதானமான மகிழ்ச்சியை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

'சாக்ரடீஸுக்கு முந்தையவர்கள்'

தேலீஸ் முதலானோரைச் சேர்த்து அழைக்கும் பெயர் இது. இதை அப்படியே காலவரிசை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்: அந்தப் பட்டியலில் உள்ள டெமாக்ரிடஸ் சாக்ரடீஸைவிட இளையவர்.

அரிஸ்டாட்டிலை 'மெட்டாபிசிக்ஸ்' வழியாகத் தொடங்குவது

வேண்டாம். வெளியாருக்காக அவர் மெருகேற்றி எழுதிய உரையாடல்கள் தொலைந்துவிட்டன. இன்று இருப்பவை பெரும்பாலும் பாடக் குறிப்புகள் போன்றவை. அதனால்தான் பாதி வாக்கியம் தொண்டையில் நிற்கிறது. 'நிக்கோமாக்கியன் எதிக்ஸ்' நூலில் நட்பைப் பற்றிய எட்டாம், ஒன்பதாம் பகுதிகளை முதலில் எடுங்கள். பயனுக்காக, இன்பத்துக்காக, குணத்துக்காக என்று நட்பு மூன்று வகை என்கிறார். முதல் இரண்டும் ஏன் சீக்கிரம் முறிகின்றன என்று அவர் சொல்லும் காரணத்தை உங்கள் பழைய அலுவலக நண்பர்களை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.