நண்பர் நாய்க்குட்டி தருகிறேன் என்றால்: வீட்டுக்குக் கொண்டுவரும் முறை

எங்கள் மட்டக்களப்புப் பக்கம் நாய்க்குட்டிகள் பெரும்பாலும் சிநேகிதர் வளவிலிருந்துதான் வருகின்றன. விலை இல்லை என்பதால் விசாரிப்பும் இல்லை. முதன்முறை நாய் வளர்ப்பவர்கள் கீழ்க்கண்ட வரிசையில் போகலாம்.

1. ஓம் சொல்லுமுன்

குட்டி பிறந்த திகதியைக் கேளுங்கள். எட்டு வாரம் நிரம்பாமல் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. கூடப்பிறந்தவற்றோடு கடித்து விளையாடித்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதை அது பழகுகிறது. பூச்சி மருந்து கொடுத்தார்களா, தாய்க்குத் தடுப்பூசி போட்டதா என்றும் கேளுங்கள். நேரில் பார்க்கையில் கண்ணும் மூக்கும் ஒழுகாமல், முரசு (பல் ஈறு) இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விலா தெரிய வயிறு மட்டும் உப்பியிருந்தால் பெரும்பாலும் பூச்சிதான், மருந்தால் சரிவரும். வயிற்றோட்டம் இருந்தால் சுகமாகும்வரை பொறுங்கள்.

"எங்களுக்குச் சரிவராவிட்டால் திருப்பி எடுப்பீர்களா?" என்பதையும் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். சந்தையடியில் விடப்படும் குட்டிகளில் பல, இந்தக் கேள்வி கேட்கப்படாததால் அங்கே வந்தவை.

பெட்டைக்குட்டி என்று ஒதுக்காதீர்கள். ஆறு மாதமளவில் கருத்தடைச் சத்திரசிகிச்சை பற்றி மிருக வைத்தியரிடம் பேசினால் போதும்.

2. கொண்டுவரும் நாள்

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து மண்முனைப் பாலம் கடந்து வருவதானால் உச்சி வெயிலைத் தவிருங்கள். புறப்படுமுன் வயிறு நிறையக் கொடுத்தால் ஓட்டோவில் வாந்திதான். தாய் படுத்த பழைய துணி ஒன்றைக் கேட்டு வாங்கி, காற்றோட்டமுள்ள பெட்டியில் விரியுங்கள். இரவில் அந்த மணம் உதவும்.

3. முதல் இரவுகள்

அழும். குசினிக்கு வெளியே தனியே கட்டிப்போடாமல், பெட்டியை உங்கள் படுக்கையருகே வையுங்கள். நித்திரை விட்டெழும்போதும் சாப்பிட்ட பிறகும் மலசலம் கழிக்க முற்றத்தில் ஒரே இடத்துக்குத் தூக்கிச் செல்லுங்கள். வீட்டுக்குள் கழித்துவிட்டாலும் அடி வேண்டாம்; அடித்தால் கட்டிலுக்கடியில் ஒளிந்து கழிக்கப் பழகும்.

4. சாப்பாடு

சில நாள்களுக்கு நண்பர் வீட்டில் கொடுத்ததையே கொடுங்கள். பின் சிறிது சிறிதாக மாற்றலாம்: முள் நீக்கிய அவித்த மீன், சோறு, முட்டை. மூன்று மாதம்வரை நாளுக்கு நான்கு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. மீன்குழம்பை ஊற்றிப் பிசைவது நம் வழக்கம். ஆனால் வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. சமைத்த கோழி எலும்பு சிராய்போல் உடைந்து குடலைக் குத்தும். பசுப்பால் பல குட்டிகளுக்கு ஒத்துக்கொள்ளாது.

5. ஊசி

இதில் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பார்வோ (குட்டிகளின் குடலைத் தாக்கும் கொடிய வைரஸ் நோய்) உள்ளிட்ட நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வார இடைவெளியில் 16 வாரம்வரை போகும். விசர்நாய்த் தடுப்பூசியின் நாளையும் மிருக வைத்தியர் குறித்துத் தருவார். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே ஊசிகள் முடியும்வரை கல்லடிக் கடற்கரையும் தெருவும் வேண்டாம். இரத்தத்தோடு வயிற்றோட்டமும் வாந்தியும் கண்டால் அன்றைக்கே வைத்தியரிடம் ஓடுங்கள்.

விளையாட்டில் குட்டி பிள்ளைகளைக் கடித்தோ பிறாண்டியோ தோல் கிழிந்தால், ஓடும் தண்ணீரில் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விசர்நோய் தொற்றலாம் என்பதால் மஞ்சள் பூசிவிட்டு இருப்பது ஆபத்து.

6. பதிவு

1901ஆம் ஆண்டின் நாய்ப் பதிவுச் சட்டம் இன்னும் இருக்கிறது. மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள். கழுத்துப்பட்டி வாங்கினால் இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாகக் கட்டுங்கள். குட்டி வேகமாக வளரும், வாரம் ஒருமுறை பார்த்துத் தளர்த்துங்கள்.