புலம்பெயர்ந்தோரின் பாட்டையும் படத்தையும் சேர்த்துப் பதிவது எப்படி?

ஒரு அமர்வுக்கு 6 முதல் 8 பேர் போதும். கூட்டம் கூடினால் கூச்சப்படுபவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். ஆளுக்கொரு ஏ3 தாளும் கரித்துண்டும் கொடுங்கள். ‘சொந்த ஊரை வரையுங்கள்’ என்று கேட்டால் கொடியும் மலையும்தான் வரும். வாசலிலிருந்து தண்ணீர் எடுத்த இடம்வரை வழியை வரையச் சொல்லுங்கள். கை நகர நகர, அங்கே கேட்ட பாட்டும் வாயில் வரும்.

அப்போது பதிவு செய்யுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைப்பேசியை ஒரு முழம் தள்ளி மடித்த துணிமேல் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் விரல் தட்டுவதெல்லாம் பதிவில் விழும். முதல் முறை பக்கவாத்தியமே வேண்டாம். கீபோர்டு சேர்ந்தால் பாடுபவர் தன் சுருதியை விட்டு அதன் பின்னால் போவார், குரலின் நெளிவும் தேய்ந்துவிடும். வரி மறந்தால் எடுத்துக் கொடுக்காதீர்கள். கூட இருக்கும் பேரப்பிள்ளைகள் கேள்வி கேட்க அந்த இடைவெளி வேண்டும். பதிவை யாரெல்லாம் கேட்கலாம் என்பதைப் பாடியவரிடமே கேட்டு, படத்தின் பின்பக்கம் எழுதிவையுங்கள்.