மோனோலாக், பத்து நிமிட நாடகம் எல்லாம் எப்படிப் பார்ப்பது?

கல்லூரி விழாக்களில் 'மோனோ ஆக்டிங்' போட்டி பார்த்தவர்களுக்கு ஒற்றை ஆள் நாடகம் என்றதும் மனசில் வருகிற காட்சி ஒன்றுதான்: ஒரே பையன் அப்பாவாகவும் பிள்ளையாகவும் குடிகாரனாகவும் மாறி மாறிக் குரல் கொடுத்து, கடைசியில் தரையில் விழுந்து அழுது, கைதட்டு வாங்கிக்கொண்டு போவான். அதுவும் திறமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பழக்கத்தோடு இன்றைய நாடக ஆசிரியர்களின் மோனோலாக்குகளை, அதாவது ஒரே பாத்திரம் மட்டும் பேசிக்கொண்டே போகும் நாடகங்களை, பார்க்க உட்கார்ந்தால் சீக்கிரமே கொட்டாவி வரும். அங்கே யாரும் விழுந்து புரளமாட்டார்கள். ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்து எதிர்வீட்டுக்காரர்களைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான். அவள் எதைச் சொல்லாமல் விடுகிறாள் என்று காது கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் நமக்கு நாடகமே தொடங்கும்.

எதிர்வீட்டுப் புகார் என்று சும்மா சொல்லவில்லை. ஆங்கில நாடக ஆசிரியர் ஆலன் பென்னட் பிபிசி தொலைக்காட்சிக்கு எழுதிய 'டாக்கிங் ஹெட்ஸ்' என்ற மோனோலாக் வரிசையில் (முதல் தொகுதி 1988, இரண்டாவது 1998) 'எ லேடி ஆஃப் லெட்டர்ஸ்' என்று ஒன்று உண்டு. மோனோலாக் பார்க்கப் பழகுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஐரீன் ரட்டக், தனியாக வாழும் நடுவயதுப் பெண், எதற்கெடுத்தாலும் கடிதம் போடுகிறவள். கையில் நல்ல பேனா, கண் எப்போதும் ஜன்னலில். எதிர்வீட்டில் ஒரு தம்பதி, ஒரு குழந்தை. அவர்கள் அடிக்கடி வெளியே போய்விடுகிறார்கள், குழந்தையைக் கவனிப்பதே இல்லை என்று முடிவு கட்டி இவள் எழுதித் தள்ளுகிறாள். கேட்கும்போது நமக்குச் சிரிப்பு வரும், இப்படி ஒரு ஆள் எல்லாத் தெருவிலும் உண்டே என்று தோன்றும். அப்புறம் போலீஸ் வீட்டுக்கு வந்து உண்மையைச் சொல்கிறது: குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய், ஆஸ்பத்திரியில் இருந்தது, இறந்தும்விட்டது. நாம் அதுவரை சிரித்த சிரிப்பெல்லாம் தொண்டையில் நிற்கும்.

இங்கே முதல் பாடம். பேசுகிற ஆளை நம்பாதீர்கள், ஆனால் அவர் பொய் சொல்கிறார் என்றும் நினைக்காதீர்கள். ஐரீன் ஒரு பொய்யும் சொல்லவில்லை, பார்த்ததைச் சொன்னாள், புரிந்துகொண்டதுதான் தப்பு. இந்தப் பாத்திரங்களுக்குத் தாங்கள் சொல்லும் கதையின் அர்த்தம் தங்களுக்கே முழுசாகத் தெரியாது என்ற பொருளில் பென்னட்டே எழுதியிருக்கிறார். ஆக, பார்க்கும்போது மனசுக்குள் இரண்டு கணக்கு ஓட வேண்டும்: அவளுக்கு என்ன தெரியும், அவள் வாயிலிருந்தே நமக்கு என்ன தெரிந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி கூடுகிறதா குறைகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தால் கதைச்சுருக்கம் தேவைப்படாது.

இரண்டாவது, இருட்டைக் கவனியுங்கள். ஒரு பகுதி முடிந்து திரை இருண்டு அடுத்தது தொடங்கும்போது நாளோ மாதமோ கடந்திருக்கும். முக்கியமான சம்பவங்கள் எல்லாம் அந்த இருட்டில்தான் நடந்து முடிந்திருக்கும். ஜன்னலோரம் கடிதம் எழுதிக்கொண்டிருந்த ஐரீனைக் கடைசியில் அந்தக் கடிதங்களாலேயே சிறையில் பார்க்கிறோம். நீதிமன்றக் காட்சி கிடையாது, தேவையும் இல்லை. உடை மாறியிருக்கிறதா, உட்கார்ந்திருக்கிற இடம் மாறியிருக்கிறதா, குரலில் அவசரம் கூடியிருக்கிறதா என்பதை வைத்து நடுவில் நடந்ததை நாம்தான் நிரப்ப வேண்டும். அந்தச் சிறையில்தான் அவள் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சந்தோஷமாக இருக்கிறாள் என்பது இன்னொரு திருகல். அதைப் பார்த்து நீங்கள் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று பென்னட் சொல்லித்தரமாட்டார்.

மூன்றாவது, முடிந்தால் ஒரே மோனோலாக்கை இரண்டு பேர் நடித்துப் பாருங்கள். ஐரீனாக 1988-ல் பாட்ரீஷியா ரௌட்லெட்ஜ் நடித்தார். 2020-ல் கொரோனா ஊரடங்கு நேரத்தில், ஒரு ஆள் மட்டும் நடித்தால் போதும் என்ற வசதி இருந்ததால், பிபிசி இந்த வரிசையில் பெரும்பாலானவற்றைப் புதிய நடிகர்களை வைத்து மறுபடி எடுத்தபோது இதே பாத்திரத்தை இமெல்டா ஸ்டான்டன் செய்தார். 'ஹாரி பாட்டர்' படத்தில் இளஞ்சிவப்பு உடையில் வந்து எல்லாரையும் கடுப்பேற்றுவாரே, அதே அம்ப்ரிட்ஜ் அம்மாதான். வசனம் ஒன்றே. எந்த வரியை வேகமாகக் கடக்கிறார், எங்கே நிறுத்துகிறார் என்று ஒப்பிட்டுப் பார்த்தால் ஆசிரியர் எழுதியது எவ்வளவு, நடிகர் கொண்டுவந்தது எவ்வளவு என்று பிடிபடும். நாடகத்தைப் பற்றி எத்தனை கட்டுரை படித்தாலும் இந்த விஷயம் இவ்வளவு தெளிவாக விளங்காது என்பது என் கட்சி.

சரி, குறுநாடகத்துக்கு வருவோம். இங்கே பெரும்பாலோர் கேட்கிற கேள்வி 'அப்புறம் என்ன ஆச்சு?' என்பது. நல்ல குறுநாடகம் அதற்குப் பதில் சொல்லவே சொல்லாது. பிரிட்டிஷ் நாடக ஆசிரியை கேரில் சர்ச்சிலின் 'லவ் அண்ட் இன்ஃபர்மேஷன்' (2012, லண்டன் ராயல் கோர்ட் நாடக அரங்கு) முழுக்கத் துண்டு துண்டான குட்டி நாடகங்கள், சிலது ஓரிரு வரியிலேயே முடிந்துவிடும். பிரதியில் பாத்திரங்களுக்குப் பெயர் இல்லை, எந்த வரியை யார் பேசுவது என்றும் இல்லை. முதல் துண்டில் ஒருவர் இன்னொருவரிடம் ரகசியத்தைச் சொல்லச் சொல்லி விடாமல் கெஞ்சுகிறார். கடைசியில் காதில் சொல்லப்படுகிறது. நமக்குக் கேட்காது. கேட்டவர் நம்ப மறுக்கிறார், இனி என்ன செய்வது என்ற திகைப்பில் துண்டு முடிகிறது. ரகசியம் என்ன என்று கண்டுபிடிக்க முயல்வது வீண் வேலை. தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்று துடித்தவர் தெரிந்த பிறகு என்ன ஆகிறார் என்பதைப் பார்க்க வேண்டும்.

இதைப் புத்தகமாக மௌனமாகப் படித்தால் ஒன்றும் நிற்காது. ஒரு நண்பரைப் பிடித்து உட்காரவைத்து வாய்விட்டுப் படியுங்கள், முதலில் காதலர்களாக, பிறகு அம்மாவும் மகளுமாக, பிறகு ஒரே ஆபீஸில் வேலை பார்க்கிறவர்களாக. ஒவ்வொரு தடவையும் அந்த ரகசியத்தின் கனம் மாறும். இன்னொன்று, சர்ச்சிலின் நாடகங்களில் வரிக்கு நடுவே சாய்கோடு (/) இருந்தால் அந்த இடத்தில் அடுத்தவர் பேச ஆரம்பித்துவிட வேண்டும் என்று அர்த்தம், முதல் ஆளும் நிறுத்தக் கூடாது. நம் வீட்டில் சண்டை நடப்பது அப்படித்தானே!

பத்து நிமிட நாடக விழாக்கள் வேறு கதை. சிட்னியில் 2002-ல் தொடங்கிய 'ஷார்ட் பிளஸ் ஸ்வீட்' சென்னைக்கும் வந்திருக்கிறது. ஒரே மாலையில் வரிசையாகப் பல நாடகம், பார்வையாளர் ஓட்டுப் போடுவதும் உண்டு. ஓட்டு என்று வந்துவிட்டால் சிரிக்க வைத்ததுதான் ஜெயிக்கும், அதற்காகச் சிரிப்பு வராததைக் கழித்துக்கட்டிவிடாதீர்கள். கடைசி நிமிடத் திருப்பத்தை மட்டும் நம்பி எழுதியவை நிறைய வரும். திருப்பம் முன்கூட்டியே தெரிந்திருந்தால் இதை மறுபடி பார்ப்பேனா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள், பாதிக்குமேல் அங்கேயே கழன்றுவிடும்.

முன்தயாரிப்பே கூடாத நாடகமும் இருக்கிறது. ஈரானியர் நசீம் சுலைமான்பூர் எழுதிய 'ஒயிட் ராபிட் ரெட் ராபிட்'டில் இயக்குநர் இல்லை, ஒத்திகை இல்லை. நடிகர் மேடையில் ஏறிய பிறகுதான் உறையைப் பிரித்து முதல் தடவையாகப் பிரதியைப் படிக்கிறார். ராணுவ சேவையை மறுத்ததால் பாஸ்போர்ட் கிடைக்காமல் அப்போது நாட்டைவிட்டு வெளியே போக முடியாத ஆசிரியர், தனக்குப் பதிலாக நாடகத்தைப் பயணம் அனுப்பினார். இதற்கு டிக்கெட் கிடைத்தால் இணையத்தில் எதையும் தேடாமல் போங்கள்.

பென்னட்டின் ஆட்கள் பேசுவது பெரும்பாலும் வட இங்கிலாந்து ஆங்கிலம், முதலில் காதில் ஏறாது. சப்டைட்டில் போட்டுக்கொள்வதில் வெட்கம் வேண்டாம். ஆனால் முதல் தடவை அதைப் படித்து முடித்துவிட்டு, இரண்டாம் தடவை அணைத்துவிட்டு முகத்தை மட்டும் பாருங்கள்.