டைபோல் ஒன்றை வைத்து ஆன்டெனாவின் கெயினை அளப்பது எப்படி?

ஆன்டெனா புதிதாகச் சக்தி எதையும் உண்டாக்குவதில்லை. கொடுத்த சக்தியை ஒரு பக்கமாகத் திரட்டி அனுப்புகிறது, அவ்வளவுதான். எந்த அளவுக்குத் திரட்டுகிறது என்பதே டைரக்டிவிட்டி. அதில் கம்பியிலும் இணைப்பிலும் சூடாகி வீணாவதைக் கழித்தால் கெயின். கெயினை டெசிபலில் சொல்வார்கள்: எல்லாத் திசையிலும் சீராகப் பரப்பும் கற்பனை ஆன்டெனாவோடு ஒப்பிட்டால் டிபிஐ (dBi), அரை அலை டைபோலோடு, அதாவது நடுவில் கேபிள் சேரும் அரை அலைநீள இரு-துண்டுக் கம்பியோடு ஒப்பிட்டால் டிபிடி (dBd). டைபோலின் கெயின் 2.15 டிபிஐ. நம் அளவீடு முழுக்க இந்த எண்ணை நம்பித்தான் நிற்கிறது.

433 மெகாஹெர்ட்ஸ் யாகி (கம்பிகளை வரிசையாக அடுக்கி ஒரு பக்கமாக அனுப்பும் ஆன்டெனா) ஒன்றை எடுத்துக்கொள்வோம். அலைநீளம் சுமார் 69 செ.மீ.

படி 1: சுமார் 33 செ.மீ. நீளத்தில் ஒரு டைபோல் செய்யுங்கள். கேபிள் சேரும் இடத்தில் ஃபெரைட் மணி (கேபிளின் வெளிப்புறத்தில் ஓடும் மின்னோட்டத்தைத் தடுக்கும் வளையம்) மாட்டுங்கள். இல்லாவிட்டால் கேபிளும் ஆன்டெனாவாக வேலை செய்யத் தொடங்கிவிடும்.

படி 2: பத்து மீட்டர் தள்ளி, அனுமதியுள்ள குறைந்த சக்தியில் ஒரு சிக்னலை அனுப்புங்கள். ரிசீவரில் தானியங்கி கெயினை (சிக்னலைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதி, AGC) அணைத்துவிடுங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் வித்தியாசமே தெரியாது.

படி 3: டைபோலில் வரும் அளவைக் குறியுங்கள். அப்புறம் அதே கேபிளில், அதே இடத்தில், அதே உயரத்தில் யாகியை மாட்டிக் குறியுங்கள். இரண்டின் கம்பிகளும் படுக்கையாக, அனுப்பும் ஆன்டெனாவின் கம்பிக்கு இணையாக இருக்க வேண்டும். டைபோலில் −52 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட சக்தி), யாகியில் −44.5 என்று வந்தால் கெயின் 7.5 டிபிடி, அதாவது 9.65 டிபிஐ.

இங்கே அவசரப்படாதீர்கள். தரையில் பட்டுத் திரும்பும் அலை நேராக வரும் அலையோடு சேர்ந்து சிக்னலைக் கூட்டும், குறைக்கும். ஆன்டெனாவை அரை மீட்டர் ஏற்றி இறக்கிப் பாருங்கள், எண் கண்முன்னே மாறும். அதனால் அனுப்பும் முனை, வாங்கும் முனை இரண்டையும் முடிந்தவரை உயர்த்துங்கள். பல உயரங்களில் இரண்டு ஆன்டெனாவையும் அளந்து, வித்தியாசங்களின் சராசரியை எடுங்கள். ஒரே ஒரு அளவீட்டை நான் கணக்கிலேயே சேர்க்க மாட்டேன்.

படி 4: யாகியைப் பத்துப் பத்து டிகிரியாகச் சுழற்றிக் குறியுங்கள். உச்சத்திலிருந்து 3 டெசிபல் குறையும் இரு கோணங்களுக்கு இடைப்பட்டது கற்றை அகலம். பிறகு இரு முனை ஆன்டெனாக்களையும் 90 டிகிரி புரட்டி, கம்பிகள் செங்குத்தாக நிற்க, மறுபடி சுழற்றுங்கள். இரண்டாவது அகலம் கிடைக்கும்.

படி 5: 41253-ஐ (முழுக் கோளத்தில் உள்ள சதுர டிகிரிகள்) இரு அகலங்களின் பெருக்கலால் வகுங்கள். 50, 60 டிகிரி என்றால் 13.75 மடங்கு, அதாவது ஏறக்குறைய 11.4 டிபிஐ டைரக்டிவிட்டி. பக்கவாட்டிலும் பின்னாலும் கசிவதை இந்தச் சூத்திரம் பார்ப்பதில்லை, அதனால் விடை கொஞ்சம் தூக்கலாகவே வரும். இதையும் 9.65-ஐயும் வைத்து ஆன்டெனாவின் செயல்திறனை (எவ்வளவு சக்தி வீணாகாமல் போகிறது என்பதை) கணக்கிட்டுவிடாதீர்கள்.