எஸ்ஏபியில ஆர்எஃப்சி டெஸ்ரினேசன் இல்லையெண்டு எரர் வந்தா

யாழ்ப்பாணத்தில இருந்து ரிமோட்டா எஸ்ஏபி சப்போர்ட் பாக்கிற பெடியள் பெட்டையளுக்கு இது உதவும். எஸ்ஏபி எண்டுறது கொம்பனியளின்ர வேலையள் ஓடுற சொஃப்ட்வெயர், ஆர்எஃப்சி டெஸ்ரினேசன் எண்டா ஒரு சிஸ்ரம் இன்னொரு சிஸ்ரத்தோட கதைக்கிறதுக்கு அதின்ர விலாசமும் லொகினும் எழுதி வைக்கிற என்ட்ரி. டெஸ்ரினேசன் இல்லையெண்டு எரர் வந்த உடன கனபேர் நெற்வேர்க்கைத்தான் பேசுறது, ஆனா அந்த எரருக்கும் நெற்வேர்க்குக்கும் சம்பந்தமில்லை, அந்தப் பேரில என்ட்ரியே இல்லையெண்டுதான் அது சொல்லுது. எரரில இருக்கிற பேரை அப்பிடியே கொப்பி பண்ணி எஸ்எம்59ல (இந்த என்ட்ரியளைப் பாக்கிற, செய்யிற எஸ்ஏபி ஸ்க்ரீன்) தேடுங்கோ, டைப் பண்ணாதேங்கோ, ஏனெண்டா பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறினாலே அதுக்கு வேற பேர்தான்.

உண்மையாவே இல்லையெண்டா ஆரும் டெவலப்மென்ற் சிஸ்ரத்தில மட்டும் செய்துபோட்டு விட்டிருப்பினம். இதைப் பொதுவா ட்ரான்ஸ்போர்ட்டில (ஒரு சிஸ்ரத்தில செய்த மாற்றத்தை மற்றதுக்குக் கொண்டுபோற வழி) அனுப்புறேல்லை, ஒவ்வொரு சிஸ்ரத்திலயும் கையாலதான் செய்யோணும். இன்னொரு எஸ்ஏபிக்கு எண்டா டைப் 3, பிறகு ஹோஸ்ற், இன்ஸ்ரன்ஸ் நம்பர் (அந்த ஹோஸ்ற்றில ஓடுற எஸ்ஏபியின்ர ரெண்டு இலக்க நம்பர்), கிளையன்ற் (சிஸ்ரத்துக்குள்ள லொகின் பண்ணுற பகுதியின்ர நம்பர்), யூசர் குடுங்கோ. யூசரா உங்கட சொந்த ஐடியைப் போட்டிடாதேங்கோ, நீங்கள் பாஸ்வேர்ட் மாத்திற அண்டைக்கு எல்லாம் நிண்டுபோம்.

கனெக்சன் ரெஸ்ற் பச்சையா வந்திட்டுதெண்டு எழும்பிப் போயிடாதேங்கோ, அது சேர்வர் எட்டுதோ எண்டு மட்டும்தான் பாக்கும், லொகின் சரியோ எண்டு அறிய ஓதரைசேசன் ரெஸ்ற்றும் ஒருக்கா ஓட்டோணும். அதில தோத்தா யூசரோ பாஸ்வேர்ட்டோ கிளையன்றோதான் பிழை. மற்றது கனெக்சன் ரெஸ்ற்றே தோத்தா, இன்ஸ்ரன்ஸ் 00 எண்டா 3300 போர்ட் ஃபயர்வோலில திறந்திருக்கோ எண்டு கேளுங்கோ.

ப்ரொடக்சன் (உண்மையான வேலை ஓடுற சிஸ்ரம்) கொப்பியால குவாலிற்றியை (ரெஸ்ற் பண்ணுற சிஸ்ரம்) ரிப்ரெஷ் பண்ணியிருந்தா இன்னும் கவனம், பழைய என்ட்ரியள் அழிஞ்சு ப்ரொடக்சனைக் காட்டுற என்ட்ரியள் அங்க வந்து குந்தியிருக்கும், அதுகளை முதல்ல மாத்திப்போட்டு ஜொப்பை ஓட விடுங்கோ.