குறிப்பு 20 இடத்தில், கோப்பு ஒரே இடத்தில்: பியர்-டு-பியரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பியர்-டு-பியர் (மைய சர்வர் இல்லாமல் கணினிகள் நேரடியாகப் பகிர்ந்துகொள்ளும்) வேலைக்குப் புதிதாக வருபவர்கள், ஒரு காலத்தில் நாங்கள் சறுக்கிய இடங்களிலேயே சறுக்குவதைப் பார்க்கிறேன். போர்ட் திறக்க மறப்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன். மாதக்கணக்கில் ஒளிந்திருப்பவைதான் ஆபத்து.

குறிப்பை நகல் என்று நம்புவது

இன்றும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். ஐபிஎஃப்எஸ் என்ற பியர்-டு-பியர் கோப்பு நெட்வொர்க்கில் கோப்பைச் சேர்த்தால், 'இது இன்ன நோடிடம் (அதாவது இன்ன கணினியிடம்) இருக்கிறது' என்ற குறிப்பு, நோடுகள் தங்களுக்குள் பங்கிட்டு வைத்திருக்கும் டிஎச்டி என்ற பட்டியலில் 20 நோடுகளுக்குப் போகும். 20 என்றதும் கோப்பே 20 இடங்களில் இருப்பதாக நினைத்துவிடுகிறார்கள். நூலகப் பட்டியலை 20 பிரதி எடுத்தாலும் அலமாரியில் புத்தகம் ஒன்றுதானே?

எனக்குத் தெரிந்த ஒரு குழு பழைய ஒலிப்பதிவுகளை இப்படித்தான் ஏற்றியது. பொது கேட்வேயில் (ஐபிஎஃப்எஸ் கோப்பைச் சாதாரண பிரவுசரில் காட்டும் சர்வர்) திறந்து பார்த்தார்கள், பாடியது. நம்பி மூல லேப்டாப்பை ஃபார்மேட் செய்துவிட்டார்கள். அப்புறமும் கொஞ்ச நாள் பாடியது, கேட்வேயின் கேஷ் எனும் தற்காலிகச் சேமிப்பிலிருந்து. அதனால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. கேஷ் காலியானதும் எல்லாம் போயிற்று. சிஐடி, அதாவது கோப்பின் ஐபிஎஃப்எஸ் அடையாளம், இன்னும் அவர்களிடம் பத்திரமாக இருக்கிறது, ஒலிப்பதிவுதான் இல்லை.

வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு ஆட்கள் நடத்தும் மூன்று நோடுகளிலாவது பின் செய்யுங்கள், அதாவது அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். பின் செய்யாததை, இடத்தைக் காலி செய்யும் கார்பேஜ் கலெக்‌ஷன் துடைத்துவிடும். பிறகு மூல நோடை நிறுத்திவிட்டு, கேட்வே இல்லாமல், புத்தம்புது நோடு ஒன்றில் முழுக் கோப்பையும் இறக்கிப் பாருங்கள். வந்தால்தான் நகல் இருக்கிறது என்று அர்த்தம். குறிப்புக்கும் ஆயுள் குறைவு: குபோ என்ற ஐபிஎஃப்எஸ் மென்பொருள் அதை 22 மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறது, 48 மணி நேரத்தில் அது காலாவதியாகிவிடும்.

எல்லாரிடமும் கேட்பது

2000-இல் வந்த நுடெல்லா என்ற கோப்புப் பகிர்வு நெட்வொர்க் அப்படித்தான் தேடியது: ஒவ்வொரு நோடும் தன் அண்டை நோடுகள் எல்லாவற்றுக்கும் கேள்வியை அனுப்பும். நோடுக்கு 4 அண்டை நோடுகள், 7 தாவல்கள் என்று வைத்தால், ஒரு தேடலுக்கு 4,372 செய்திகள் வரை பறக்கும். சாவி (சிஐடி போன்ற அடையாளம்) தெரிந்த கோப்புக்கு காடெம்லியா என்ற டிஎச்டி முறை போதும். பத்து லட்சம் நோடுகள் இருந்தாலும் சுமார் 20 படிகளுக்குள் முடிந்துவிடும். சொல்லை வைத்துத் தேடுவதென்றால் டிஎச்டி தனியாக உதவாது, இன்டெக்ஸ் ஒன்று வேண்டும். அது இல்லாவிட்டால் சில 'ரேண்டம் வாக்' தேடல்களை, அதாவது ஒவ்வொரு நோடிலிருந்தும் ஏதோ ஓர் அண்டை நோடுக்கு மட்டும் தாவுபவற்றை, அனுப்புங்கள்.

தேடலுக்கு நேர் விகிதத்தில் நகல் எடுப்பது

ரேண்டமாகத் தேடும் நெட்வொர்க்கில் வர்க்கமூல விகிதமே சிக்கனம் என்று ஆய்வாளர்கள் கோஹனும் ஷெங்கரும் 2002-இலேயே காட்டிவிட்டார்கள். 100 மடங்கு தேடப்படும் கோப்புக்கு 10 மடங்கு நகல் போதும்.

பழைய நோடை விரட்டுவது

தொடர்புப் பட்டியல் நிரம்பியதும் புது நோடுக்காகப் பழையதை நீக்க வேண்டாம். நெடுநேரம் இருந்த நோடுதான் இன்னும் இருக்கும்.